மருந்துச் சீட்டில் ஒரு தமிழ் வரி

நோயைத் தீர்க்க வந்த மருந்தே பிறிதொரு நோய்க்கு வித்தாதலும் உண்டு. இவ்வுண்மையைப் பொதுவாக அறிந்தார் பலர். எம்மருந்தால், எவர்க்கு, எவ்வளவு உண்டபின் அங்ஙனம் ஆகும் என்பதனை அறிந்தார் மிகச் சிலர். அறிந்த அச்சிலரும் தாம் அறிந்ததனை மருந்துண்பார்க்கு விளங்கும் மொழியிற் சொல்லாதொழியின், அவ்வறிவாற் போந்த பயன் என்னை? இவ்வினாவே இக்கட்டுரையை எழுதுமாறு எம்மைத் தூண்டியது. மருத்துவம் பயிலாது தமிழ் பயிலும் மாணவராகிய யாம் மருந்தைப் பற்றி எழுதப் புகுந்தது மிகையெனக் கருதுவாரும் உளராகலாம். ஆயின் யாம் கூறப்போவது மருந்தின் இயல்பினும் மிகுதியாகச் சொல்லின் கடமையைப் பற்றியதாகும். அத்துறையில் எமக்கும் ஒரு சிறு உரிமை உண்டென நம்புகின்றோம்.

எம்மூர் பொங்கலூர். அது பல்லடத்தினின்று தாராபுரம் நோக்கிச் செல்லும் சாலையில் உள்ளது. வானம் பார்த்த பூமியாகிய அப்பகுதியில் இன்று உழவோடு கோழிப்பண்ணையும் விசைத்தறியும் திருப்பூர்ப் பனியன் தொழிலுமே குடிகளுக்குச் சோறளிக்கின்றன. விடியற்காலையிற் சாலையோரம் நின்று கம்பெனி வேனுக்குக் காத்திருப்பாரைக் காணாத நாளில்லை. அவருள் எம் தெருவினர் ஒருவர் உளர். உறவினர் அல்லராயினும் அவரை மாமா என்றே யாம் அழைப்பது வழக்கம். ஓவர்லாக் மிஷினில் தைப்பதில் அவர் கைதேர்ந்தவர்.

அவர்க்கு ஆண்டுகள் சிலவாகக் குடலில் ஒரு நோய். வயிற்றுவலியும் பேதியும் வந்து வந்து போகும், உடல் மெலியும், பின்னர்ப் பௌத்திரமும் கண்டது. மருத்துவர் ஆராய்ந்து அதனைக் குரோன் நோய் என்றனர். 1932 இல் நியூயார்க்கு மருத்துவர் குரோன் என்பாரும் அவர்தம் தோழரும் விரித்தெழுதியமையின் அப்பெயர் பெற்றது. குடலிற் புண்ணையும் வீக்கத்தையும் உண்டாக்கித் தணிவதும் மீள்வதுமாய் நெடுநாள் உடனிருக்கும் நோய் அது. பிறர்பாற் சொல்லக் கூசும் நோயும் ஆகும். ஆதலின் மாமா தாம் முதலிற் பெற்ற மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தொல்லை மிகுந்தபொழுதெல்லாம் மருந்துக் கடையிற் காட்டி அம்மாத்திரையையே வாங்கி உண்டு வந்தார். சீட்டில் எழுதியிருந்தது பத்து நாளைக்கு. அவர் உண்டது ஐந்து திங்களுக்கு மேல். அதில் தீங்கொன்று உளதாக அவர் எண்ணினாரில்லை, கொடுத்தவரும் வினவினாரில்லை.

ஒருநாள் மாலை வேனினின்றிறங்கி வீடு வந்தவர் ஒரு காலில் மட்டுமே செருப்பு அணிந்திருந்தார். மற்றொன்று எங்கே என்று அவர் மனைவியார் வினவிய பின்னரே குனிந்து நோக்கினார். “கால் மரத்துக் கெடக்குது அம்மிணி, கழண்டதே தெரியல” என்றார். சில வாரங்களாகவே பஞ்சின்மேல் நடப்பது போலிருந்ததும், பெடலை எவ்வளவு அழுத்துகின்றோம் என்பது புலப்படாமையால் தையல் கோணிப்போனதும் அன்றே வெளிப்பட்டன. நாள் முழுதும் அமர்ந்து வேலை செய்வதால் வந்த கோளாறென அவர் தமக்குள் முடிவு செய்திருந்தார்.

பின்னர்க் கோயமுத்தூரில் மருத்துவர் ஒருவரிடம் சென்றனர். அவர் முதற்கண் வினவியது, “என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? எத்தனை நாளாச் சாப்பிடுறீங்க?” என்பதே. மாத்திரையின் பெயர் மெட்ரோனிடசோல். அன்றே அது நிறுத்தப்பட்டது. ஓராண்டு கழிந்தது. கெண்டைக்கால் வரை ஏறியிருந்த மரப்பு இறங்கி இப்பொழுது விரல் நுனிகளில் நின்றுள்ளது. ஆயினும் பழைய விரைவு காலுக்கு மீளவில்லை. பீஸ் கணக்கிற் கூலி பெறுவார்க்கு விரைவே வருவாய் என்பதனைத் திருப்பூர்ப் பகுதியார்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை.

மெட்ரோனிடசோல் தீய மருந்தன்று. 1959 முதல் வழங்கி வருவது. சீதபேதிக்கும், காற்றின்றி வாழும் நுண்ணுயிர்களால் வரும் பல நோய்களுக்கும் குறைந்த விலையிற் கிடைக்கும் சிறந்த மருந்து. குரோன் நோயாற் பௌத்திரம் கண்டவர்க்கும் அதனைக் கொடுப்பர். சில நாள் உண்பார்க்குப் பெரும்பாலும் நரம்பில் தீங்கு நேர்வதில்லை. தொல்லை நெடுநாள் உண்பதில் உள்ளது. மொத்தம் 42 கிராமுக்கு மேல் உண்டவரிடத்து நரம்புத் தளர்ச்சி மிகுதியாகக் காணப்படுகின்றதென ஆராய்ந்தோர் கூறுவர். 400 மில்லிகிராம் மாத்திரையை நாளொன்றுக்கு மூன்றாக உண்பவர் 35 நாளில் அவ்வெல்லையை எட்டிவிடுவர். நெடிய நரம்பின் நுனியே முதலில் நலிவுறுமாதலின் கால்விரல்களில் அது தொடங்கும், பின்னர் மேலேறும், கையையும் பற்றும். அரிதாகச் சிறுமூளையைத் தாக்கி நாக்குழறலையும் நடைத் தள்ளாட்டத்தையும் விளைத்தலும் உண்டு. உடனே நிறுத்தின் பெரும்பாலோர் தேறுவர். காலந் தாழ்ப்பின் சிலர்க்கு முழுதும் தீராமலே நின்றுவிடும்.

1985 இல் அமெரிக்க மருத்துவர் சிலர், இம்மருந்தை நெடுநாள் உண்ட குரோன் நோயாளராகிய இளைஞர் 13 பேரை ஆராய்ந்தனர். அவருள் 11 பேர்க்கு நரம்பிற் பழுது இருந்தது. அவருட் சிலர் தம் உணர்வில் ஒரு குறையும் அறியாதிருந்தனர். கருவி கொண்டு சோதித்தபின்னரே பழுது தெரிந்தது. கேளாமலும் சோதியாமலும் இருப்பின் இந்நோய் எவ்வளவு மறைந்து நடக்கும் என்பதற்கு இதுவே சான்றாகும்.

குடல் நோயாளர் உண்ணும் பிற மருந்துகள் சிலவும் இத்தன்மையனவே. சிப்ரோஃப்ளாக்சசின் முதலிய மருந்துகளால் நரம்புத் தளர்ச்சி விரைவில் தோன்றலாம் என்றும், அது நிலையாகவும் நின்றுவிடலாம் என்றும் 2013 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையார் எச்சரித்தனர். மேலும், நம் நாட்டிற் குடற் காசநோய் மிகுதி. அதனையும் குரோன் நோயையும் வேறு பிரித்தறிதல் தேர்ந்த மருத்துவர்க்கும் அரிது. ஆதலின் ஐயமுற்றவிடத்து முதலிற் காசநோய் மருந்தையே கொடுத்துப் பார்த்தல் ஈண்டு வழக்கம். அம்மருந்துகளுள் தலையாயதாகிய ஐசோனியாசிடும் கால் நரம்பைத் தாக்க வல்லது. இவையனைத்திற்கும் மேலாக, சிறுகுடலின் கடைப்பகுதி நோயுற்றார்க்கு பி12 என்னும் உயிர்ச்சத்து உடலிற் சேராமையாலேயே கால் மரத்தல் உண்டு. காரணம் பலவாதலின் ‘எல்லாம் மருந்தால் வந்தது’ என்று நாமே முடிவு கட்டலும் தவறு. ‘மருந்துக்கும் இதற்கும் என்ன உறவு?’ என்று வாளாவிருத்தலும் தவறு. மருத்துவரிடம் சொல்லுதலே முறை. சொல்லுதற்கோ, சொல்ல வேண்டுமென்பது தெரிந்திருத்தல் வேண்டும்.

இத்தகைய தீங்கை உரிய காலத்தில் உணராமையால் ஒரு நாடு பட்ட துன்பத்தை ஈண்டு நினைவு கூர்வோம். சுவிட்சர்லாந்திலுள்ள சீபா நிறுவனத்தார் கிளியோகுவினால் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை 1934 முதல் வயிற்றுக்கடுப்பு மருந்தாக விற்றனர். என்டரோவயோபார்ம், மெக்சாபார்ம் என்னும் பெயர்களால் நம் நாட்டிலும் அது பரவியிருந்தது. ஜப்பானில் நாட்பட்ட வயிற்று நோயாளர் பலர்க்கு அதனை மிகுந்த அளவிலும் நெடுங்காலமும் கொடுத்தனர். 1950களின் இடைப்பகுதி முதல் அந்நாட்டிற் புதியதொரு நோய் தோன்றியது. வயிற்றுவலி முன்வரும், பின்னர்ப் பாதம் மரக்கும், மரப்பு இடுப்பு வரை ஏறும், நடை தளரும், சிலர்க்குக் கண்ணொளியும் அவியும். ஏறத்தாழ 11,000 பேர் இதனால் நலிந்தனர். இது தொற்றுநோய் என்னும் எண்ணம் பரவவே, அயலார் அந்நோயாளரை அணுக அஞ்சினர். இழிவு பொறாது தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டாரும் உளர். வயிற்றுவலிக்கென்று அதே மருந்தையே மேலும் மேலும் பலர்க்குக் கொடுத்து வந்தனர் என்பது எண்ணுந்தோறும் நெஞ்சைச் சுடுவதாகும்.

உண்மை எங்ஙனம் வெளிப்பட்டது? நோயாளரின் நாவிலும் சிறுநீரிலும் காணப்பட்ட ஒருவகைப் பச்சை நிறத்தை ஆராய்ந்தபொழுது, அது கிளியோகுவினால் இரும்பொடு சேர்ந்தமையான் உண்டாயதெனத் தெரிந்தது. நீகாதா பல்கலைக்கழகப் பேராசிரியர் சுபாகி, நோயாளர் அம்மருந்தை உண்ட வரலாற்றை ஆராய்ந்து, 1970 இல் இம்மருந்தே காரணம் என்றுரைத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் ஜப்பானிய அரசினர் அதன் விற்பனையைத் தடுத்தனர். புதிய நோயாளர் தொகை விரைந்து குறைந்தது. 1978 இல் அந்நாட்டு நீதிமன்றங்கள் நோயாளர் பக்கம் தீர்ப்பளித்தன. பம்பாயிலும் அத்தகைய நோயாளர் சிலரைக் கண்டதாக நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா 1977 இல் எழுதியுள்ளார்.

இதற்கு மறுதலையாக, நம் சென்னையில் நிகழ்ந்த நல்வினை ஒன்றும் உண்டு. 1956 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவற்றின் முயற்சியால் சேத்துப்பட்டிற் காசநோய் மருந்தாய்வு நிலையம் தோன்றியது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு விளங்குகின்றது. வறிய நோயாளரைத் தம் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகிற்கு மெய்ப்பித்தது அந்நிலையமே. ஐசோனியாசிடைப் பேரளவில் உண்ட நோயாளரின் பாதம் எரிவதையும் மரப்பதையும் அந்நிலையத்தார் புறக்கணித்தாரில்லை, கணக்கெடுத்து ஆராய்ந்தனர். பிரிடாக்சின் என்னும் பி6 உயிர்ச்சத்தை நாளொன்றுக்குச் சில மில்லிகிராம் அளவிற் சேர்த்துக் கொடுப்பின் அத்தீங்கு வாராது தடுக்கலாம் எனக் கண்டு 1963 இல் வெளியிட்டனர். இன்று காசநோயாளர் தம் மருந்தோடு அச்சிறு மாத்திரையையும் பெறுவதற்கு அவ்வாராய்ச்சியும் ஒரு காரணமாகும்.

ஈரிடத்தும் நோயாளர் கால் மரத்ததென்றே கூறினர். ஓரிடத்து அக்கூற்றின் பொருள் விளங்க ஆண்டுகள் பல கழிந்தன. மற்றோரிடத்து அது தொடக்கத்திலேயே வினவப்பட்டு மருந்தாக முடிந்தது. உற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து கொடுப்போன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கிய வள்ளுவர் உற்றவனையும் ஓர் உறுப்பாக வைத்தமையை நாம் சிந்தித்தல் வேண்டும். உறுப்பாயினான் ஊமையாயிருத்தல் தகுமோ?

ஊமையாயிருத்தற்குச் சொற்பஞ்சம் காரணமன்று. நம் மக்கள் வாயில் வழங்கும் சொற்களை நோக்குமின். தொட்டால் தெரியாமை மரப்பு. உணர்வு குன்றித் தடித்தாற் போலிருத்தல் மதமதப்பு. எறும்பூர்வது போன்றது குறுகுறுப்பு. முள்ளாற் குத்துவது போன்றது சுருக்கெனல். எலும்பினுள் துளைப்பது போன்றது குடைச்சல். அனல் பட்டாற் போன்றது எரிவு. மருத்துவ நூலார் பாரஸ்தீசியா என ஒரு சொல்லாற் குறிப்பவற்றுட் பலவற்றை எம்மூர்ப் பாட்டியர் தனித்தனிப் பெயரிட்டு வழங்குகின்றனர். ஆயினும் மாத்திரை அட்டையின் பின்புறத்தை நோக்கின், எச்சரிக்கையெல்லாம் ஆங்கிலத்தில், எறும்பினும் சிறிய எழுத்தில் உள்ளது. சொல்லுடையார் வினவப்படுவதில்லை, எச்சரிக்கப்படுவார்க்கு எச்சரிக்கை விளங்குவதில்லை. இதுவே யாம் காணும் குறை.

எம் கருத்து இதுதான். நெடுநாள் உண்ணத்தக்கதோ, நெடுநாள் உண்ணப்படக் கூடியதோ ஆகிய நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுக்குமிடத்து, மருந்துச் சீட்டிலும் மாத்திரை உறையிலும் பெரிய எழுத்தில் ஒரு தமிழ் வரி இருத்தல் வேண்டும்: ‘மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் இதனைச் சாப்பிடாதீர்கள். கை கால் மரத்தாலும், எரிந்தாலும், நடை தள்ளாடினாலும், பேச்சுக் குழறினாலும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.’ இவ்வளவே வேண்டுவது. இதற்குப் பெரும்பொருட் செலவில்லை. புதுக்கருவி ஒன்றும் வேண்டா.

இதனை மறுப்பார் கூறுவன இரண்டு. ஒன்று, இங்ஙனம் எச்சரித்தால் மக்கள் அஞ்சி மருந்தையே நிறுத்திவிடுவர். காசநோயாளர் இடையில் நிறுத்தின் பெருங்கேடு விளையும் என்பது. இது தள்ளத்தக்க மறுப்பன்று. ஆதலினாலேயே ‘நிறுத்துங்கள்’ என்னாது ‘சொல்லுங்கள்’ என எழுதினோம். காசநோய் மருந்தாயின் ‘நீங்களாக நிறுத்தாதீர்கள்’ என்று மேலும் இரண்டு சொற்களைச் சேர்த்தல் வேண்டும். அன்றியும், முன்னறிவிப்பின்றிக் கால் மரக்கப்பெற்றவனே அஞ்சி ஓடுவான். முன்னரே அறிந்தவன் மருத்துவரை நாடுவான். மற்றொன்று, நாளொன்றுக்கு நூறு நோயாளரைக் காணும் மருத்துவர்க்குப் பேசுதற்குப் பொழுதில்லை என்பது. உண்மையே. பொழுதில்லாமையினாலன்றோ அச்சிட்ட வரி வேண்டுமென்கின்றோம்! ‘உங்கள் கால் எப்படி இருக்கிறது?’ என்னும் ஒரு வினாவை மீண்டும் வரும்பொழுது கேட்டற்கு அரை நிமிடம் போதும்.

குறை மருத்துவர்பால் மட்டும் உளதென்றும் யாம் கூறோம். இம்மருந்துகள் மருத்துவர் சீட்டின்றி விற்கப்படலாகாது என்பது சட்டம். பழைய சீட்டைக் காட்டிப் புதிய மாத்திரை கேட்பவரும், கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பவரும் அச்சட்டத்தின் கருத்தைக் கெடுப்பவரே. மாமாவும் தம் பிழையை இன்று மறைப்பதில்லை. ஆயினும் பிழையென அறியாது செய்தவரையும் அறிந்து செய்தவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் முறையாகாது.

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் சொல்லல் இயலாதென்பார்க்கு ஒரு வரலாறு கூறுவோம். 1847 இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். தாம் தமிழ் கற்றதோடமையாது, பின்னாளில் மாணாக்கர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்களைத் தம் மாணாக்கர் துணையோடு தமிழாக்கி வெளியிட்டார். 1884 இல் மறைந்த அவர் உடற்கூற்றையும் அறுவையையும் தமிழாற் சொல்ல இயலுமென்று காட்டிச் சென்றிருக்க, நாம் மாத்திரை உறையில் ஒரு வரி எழுதத் தயங்குதல் நாணத்தக்கதன்றோ? கடல் கடந்து வந்தவர் நம் மொழிக்குச் செய்ததனை, இம்மொழியிற் பிறந்து இதனையே சிறப்புப் பாடமாகப் பயிலும் நாம் செய்யாதொழிதல் எங்ஙனம் பொருந்தும்?

நம் கல்லூரியார் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. தமிழ்த்துறை மாணவர் எளிய சொற்களைத் தேர்ந்து எழுதுக. வேதியியல், விலங்கியல் துறையினர் பிழை நோக்குக. மருத்துவர் ஒருவர் சரிபார்த்து ஒப்புக. அங்ஙனம் அமைந்த துண்டுத்தாளை நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் சிற்றூர்களுக்குச் செல்லும்பொழுது மருந்துக் கடைகளிலும் கம்பெனி வாயில்களிலும் கொடுத்து வருக. மருந்தால் நேர்ந்த தீங்கை நோயாளரே தெரிவித்தற்கு 2010 இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024 என்பதனையும் அத்தாளில் அச்சிடுக. பழைய மாணவருள் மருத்துவராயும் மருந்து வணிகராயும் விளங்குவோர் தத்தம் இடங்களில் இவ்வொரு வரியை வழங்கத் தொடங்குவராயின், இக்கட்டுரை பயனுடைத்தென மகிழ்வோம்.

சென்ற விடுமுறையில் மாமாவைக் கண்டோம். வேனினின்று இறங்குமுன் குனிந்து தம் இரு செருப்பையும் கண்ணால் நோக்கிய பின்னரே அவர் அடியெடுத்து வைத்தார். கால் சொல்ல வேண்டியதனை இப்பொழுது அவர் கண்ணைக் கேட்டு அறிகின்றார். உரிய காலத்தில் ஒருவர் ஒரு வரியைத் தமிழிற் சொல்லியிருப்பின் அக்காலே சொல்லியிருக்கும். அவ்வரியை இனியேனும் எழுதுவோமாக.